லேப்டாப்பில் ஒரு ஜாவா, சர்வரில் வேறொரு ஜாவா: பதிப்பு முரணைத் தீர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் மென்பொருள் எழுதித் தரும் சிறு நிறுவனங்களின் வாடிக்கையாளர் பட்டியலைப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும்: ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறை, லீ பஜார் மொத்த வியாபாரி, ஏற்காட்டுக் காபி எஸ்டேட். ஜாவாவில் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று இவர்கள் யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. சர்வரை வைத்துக் கொடுத்தவர் அன்றைக்கு எதை நிறுவினாரோ அதுவே இன்றும் ஓடும். நிரல் எழுதுபவரின் லேப்டாப்பில் ஜாவா 21 இருக்கும். போதாக்குறைக்கு ஐடிஇ (நிரல் எழுதும் மென்பொருள்) தன் பங்குக்கு இன்னொன்றைக் கொண்டு வந்திருக்கும். அலுவலகத்தில் ஒழுங்காக ஓடிய நிரல் வாடிக்கையாளர் இடத்தில் எழுந்திருக்கவே மறுக்கிறது.

எந்தப் பதிப்பு என்பதை முடிவு செய்யும் உரிமை சர்வருக்குத்தான் உண்டு. ஐடிஇ, பில்டு கருவி (நிரலைக் கட்டித் தொகுக்கும் கருவி), நூலகங்கள் (வெளியார் எழுதிய நிரல் தொகுப்புகள்) எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. நடைமுறையில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பிழை வந்ததும் சர்வரில் புதிய ஜாவாவை நிறுவி, அதே கணினியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இன்னொருவர் மென்பொருளையும் சாய்த்துவிட்டு வருகிறார்கள். கீழே உள்ள படிகள் ஜாவா, ஜாவா வலை நிரல்களை ஓட்டும் டாம்கேட் சர்வர் ஆகியவற்றை வைத்தே எழுதப்பட்டவை. வைல்டுஃப்ளை போன்ற வேறு சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மெனுக்களும் கோப்புகளும் மாறும், வரிசை மாறாது.

படி 1: நான்கு ஜாவாக்களைப் பிரித்தறியுங்கள்

ஒரே வேலைக்குள் நான்கு ஜாவாக்கள் புழங்குகின்றன. முதலாவது, ஐடிஇயை ஓட்டும் ஜாவா. இரண்டாவது, பில்டு கருவியான மேவன் அல்லது கிரேடிலை ஓட்டும் ஜாவா. மூன்றாவது, நிரலை ஜாவா ஓட்டக்கூடிய க்ளாஸ் கோப்புகளாக மாற்றும் கம்பைலர் எந்தப் பதிப்பைக் குறிவைத்து அவற்றை எழுதுகிறது என்பது. இது நிறுவப்பட்ட பொருள் அல்ல, ஓர் அமைப்பு மட்டுமே. நான்காவது, சர்வரில் உண்மையில் ஓடும் ஜாவா.

இவற்றில் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டியவை மூன்றாவதும் நான்காவதும்தான்: குறிவைக்கும் பதிப்பு, ஓடும் பதிப்பைவிட அதிகமாக இருக்கக் கூடாது. முதல் இரண்டும் சர்வரைவிடப் புதிதாக இருந்தாலும் பொதுவாகக் கெடுதல் இல்லை; எல்லைகளைப் படி 5இல் பார்ப்போம். எக்லிப்ஸ் என்ற ஐடிஇ 2022 செப்டம்பர் வெளியீட்டிலிருந்து தன்னை ஓட்ட ஜாவா 17 ஆவது கேட்கிறது. அதற்காக உங்கள் நிரலும் 17க்குப் போக வேண்டியதில்லை. "எக்லிப்ஸ் 17 கேட்கிறது, வாடிக்கையாளரிடம் 8 இருக்கிறது, அதனால் பழைய எக்லிப்ஸையே வைத்திருக்கிறேன்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேவையே இல்லாத தவம்.

படி 2: பிழைச் செய்தியில் உள்ள எண்ணைப் படியுங்கள்

வெள்ளிக் கொலுசில் தரத்தைக் காட்டும் டச் முத்திரை அடிப்பதுபோல, கம்பைலர் ஒவ்வொரு க்ளாஸ் கோப்பின் தலையிலும் ஓர் எண்ணைக் குத்திவிடுகிறது. கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் நான்கு பைட்டுகள் எப்போதும் "சிஏ எஃப்இ பிஏ பிஇ" என்றிருக்கும். ஜாவாவை உருவாக்கியவர்கள் வேடிக்கையாக வைத்த "கஃபே பேப்" அது. அடுத்த இரண்டு பைட்டுகள் உட்பதிப்பு, பெரும்பாலும் பூஜ்யம். அதற்கடுத்த இரண்டுதான் நமக்கு வேண்டியவை. "00 34" என்றிருந்தால் பதின்ம எண்ணில் 52, அதாவது ஜாவா 8. "00 37" என்றால் 55, ஜாவா 11. "00 41" என்றால் 65, ஜாவா 21. மனப்பாடம் செய்ய அட்டவணை வேண்டாம்: எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு வந்துவிடும். 61 என்றால் 17.

ஹெக்ஸ் எடிட்டர் இல்லாமலும் பார்க்கலாம். ஜேடிகேயுடன் (கம்பைலரும் சேர்ந்த ஜாவா தொகுப்பு) வரும் ஜாவாபி கட்டளையை "-வி" சேர்த்து ஓட்டினால் "மேஜர் வெர்ஷன்" என்ற வரி வரும். லினக்ஸில் "ஃபைல்" கட்டளையே பதிப்பெண்ணைச் சொல்லிவிடும்.

இப்போது பிழைச் செய்திகளுக்கு வருவோம். ஒரேமாதிரி ஒலிக்கும் இரண்டு செய்திகள் உண்டு. அவற்றின் பொருள் நேரெதிர்.

ஒன்று, "அன்சப்போர்ட்டட் க்ளாஸ் வெர்ஷன் எரர்". இதைச் சொல்வது ஜேவிஎம், அதாவது நிரலை ஓட்டும் ஜாவா. இந்த க்ளாஸ் 61.0 பதிப்பில் கம்பைல் ஆகியிருக்கிறது, எனக்கு 55.0 வரைதான் தெரியும் என்று இரண்டு எண்களையும் அதுவே தந்துவிடும். நிரல் புதிது, ஓட்டும் ஜாவா பழையது. எந்த க்ளாஸ் என்ற பெயரும் அதே வரியில் இருக்கிறது. அது உங்கள் நிரலின் க்ளாஸா, வெளி நூலகத்தின் க்ளாஸா என்று அங்கேயே பாருங்கள். உங்களுடையது என்றால் படி 5, நூலகத்துடையது என்றால் படி 6.

மற்றொன்று, "அன்சப்போர்ட்டட் க்ளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65". இது பெரும்பாலும் கிரேடில், ஸ்ப்ரிங் போன்றவற்றின் உள்ளே க்ளாஸ் கோப்புகளைப் பிரித்துப் படிக்கும் நூலகத்திலிருந்து வருகிறது. இங்கே ஜாவா புதிது, கருவி பழையது. ஜாவா 17இல் ஓட கிரேடில் 7.3 ஆவது வேண்டும். ஜாவா 21இல் ஓட 8.5. இந்தப் பிழைக்குச் சர்வரைத் தொடுவதால் எந்தப் பயனும் இல்லை. கருவியைப் புதுப்பியுங்கள், அல்லது கருவியைக் கொஞ்சம் பழைய ஜாவாவில் ஓட்டுங்கள்.

மூன்றாவது வகையும் உண்டு. பழைய டாம்கேட் 7, 8 வெளியீடுகளில் புதிய நூலகம் ஒன்றைப் போட்டால், "மாட்யூல் இன்ஃபோ" என்ற க்ளாஸைப் படிக்க முடியவில்லை, கான்ஸ்டன்ட் பூலில் 19 என்ற தவறான குறி இருக்கிறது என்று லாக் (பதிவுக் கோப்பு) நிறைய எழுதித் தள்ளும். 19 என்பது ஜாவா 9இல் வந்த மாட்யூல் குறி. டாம்கேட்டின் ஸ்கேனருக்கு அது புரியவில்லை, அவ்வளவுதான். பல நேரங்களில் நிரல் அதற்குப் பிறகும் ஓடும். டாம்கேட்டை அதே வரிசையின் கடைசி வெளியீட்டுக்கு உயர்த்தினால் லாக் அமைதியாகும்.

படி 3: சர்வரைக் கேளுங்கள், டெர்மினலைக் கேட்காதீர்கள்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். சர்வர் கணினியில் உட்கார்ந்து "ஜாவா -வெர்ஷன்" என்று தட்டுகிறார்கள். 17 என்று வருகிறது. ஆனால் டாம்கேட் ஓடுவது ஜாவா 8இல். டெர்மினல் சொல்வது பாத் பட்டியலில் (இயங்குதளம் நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் வரிசை) முதலில் கிடைத்த ஜாவாவை. டாம்கேட் தன் வழியில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்திருக்கும்.

நம்பத்தக்க விடை லாக்கில் இருக்கிறது. டாம்கேட் ஒவ்வொரு முறை எழும்போதும் "ஜாவா ஹோம்", "ஜேவிஎம் வெர்ஷன்" என்ற வரிகளை எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். நேரில் போகாமலே இதைப் பெறலாம். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன் எஸ்டேட் ரைட்டரிடம் ஒரு போன் போதும்.

"அண்ணா, டாம்கேட் கோப்புறைக்குள் லாக்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் கேட்டலினா என்று தொடங்கும் கோப்பைத் திறந்து, மேலே இருக்கும் இருபது வரியைப் படம் எடுத்து அனுப்புங்கள்."

"ஜாவா எட்டு என்று மானிட்டரிலேயே ஒட்டியிருக்கிறதே தம்பி, அது போதாதா?"

"அது ஒட்டினவர் சொன்னது அண்ணா. எனக்கு டாம்கேட் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும்."

"இன்றைய தேதிக் கோப்புதானே?"

"இல்லை, டாம்கேட்டைக் கடைசியாக எந்த நாள் தொடங்கினீர்களோ அந்தத் தேதி."

அந்தக் கடைசி வரி முக்கியம். கோப்பு நாளுக்கு ஒன்றாக மாறும். பதிப்பு வரிகள் டாம்கேட் தொடங்கிய நாளின் கோப்பில் மட்டுமே இருக்கும்.

விண்டோஸில் டாம்கேட் சர்வீஸாக நிறுவப்பட்டிருந்தால் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அந்தச் சர்வீஸ் "ஜாவா ஹோம்" சூழல் மாறியைப் பார்ப்பதே இல்லை; டாம்கேட்டின் "பின்" என்ற கோப்புறையில் நீங்கள் எழுதி வைத்த "செட்என்வ்" கோப்பையும் படிக்காது. எந்த ஜேவிஎம் டிஎல்எல் கோப்பைத் திறக்க வேண்டும் என்பதை நிறுவும்போதே தனியாக எழுதி வைத்துக்கொள்கிறது. அதை மாற்ற, அதே "பின்" கோப்புறையில் பெயர் "டபிள்யூ" என்று முடியும் சிறிய மேலாண்மை நிரலைத் திறந்து, ஜாவா என்ற தாவலுக்குப் போங்கள். முதல் பெட்டியிலேயே அந்தப் பாதை இருக்கும். ஜேடிகே 8இல் இந்த டிஎல்எல், ஜேஆர்இ (ஓட்டுவதற்கு மட்டுமான ஜாவா) கோப்புறைக்குள் "பின்", அதற்குள் "சர்வர்" என்ற இடத்தில் இருந்தது. ஜாவா 11இல் ஜேஆர்இ கோப்புறையே கிடையாது. நேராக "பின்", அதற்குள் "சர்வர்". பழைய பாதையில் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, சர்வீஸ் ஏன் எழவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்குக் காரணம் இதுதான்.

லினக்ஸில் சிஸ்டம்டி வழியாக ஓடும் டாம்கேட், உங்கள் பேஷ் அமைப்புக் கோப்பைப் படிக்காது. சர்வீஸின் யூனிட் கோப்பிலோ, உபுண்டு தொகுப்பு என்றால் ஈடிசிக்குள் டிஃபால்ட் கோப்புறையில் டாம்கேட் பெயரில் உள்ள கோப்பிலோ ஜாவா ஹோம் எழுதப்பட்டிருக்கும். எதையும் நம்பப் பிடிக்கவில்லை என்றால், ஓடும் பிராசஸின் எண்ணை எடுத்து, ப்ராக் கோப்புறையில் அந்த எண்ணுக்குள் இருக்கும் "எக்ஸ்இ" இணைப்பு எந்தக் கோப்பைச் சுட்டுகிறது என்று பாருங்கள். அதற்கு மேல் அப்பீல் இல்லை. "ஜேஆர்இ ஹோம்", "ஜாவா ஹோம்" இரண்டும் வெவ்வேறு இடங்களைச் சுட்டினால், டாம்கேட் ஜேஆர்இ ஹோமைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 4: உங்கள் பக்கத்துக் கருவிகளைச் சோதியுங்கள்

மேவனுக்கு "எம்விஎன் -வெர்ஷன்". தன் பதிப்பையும், தன்னை ஓட்டும் ஜாவாவையும் அடுத்தடுத்த வரிகளில் சொல்லும். கிரேடிலுக்கும் அதேபோல. விண்டோஸில் "வேர் ஜாவா" என்று தட்டினால் பாத்தில் எத்தனை ஜாவா வரிசையில் நிற்கின்றன என்று தெரியும். ஆரக்கிள் நிறுவி "ஜாவாபாத்" என்றொரு கோப்புறையை முன்னால் செருகிவிடுவது வழக்கம்; நீங்கள் ஜாவா ஹோமை எவ்வளவு மாற்றினாலும் டெர்மினல் மட்டும் பிடிவாதமாகப் பழைய பதிலையே சொன்னால் அதைப் பாருங்கள். சூழல் மாறியை மாற்றியபின் டெர்மினலை மூடித் திறக்க வேண்டும்.

எக்லிப்ஸில் பதிப்பு ஓரிடத்தில் இல்லை, ஐந்து இடத்தில் இருக்கிறது: எக்லிப்ஸ் ஐஎன்ஐ கோப்பு, நிறுவிய ஜேஆர்இ பட்டியல், புராஜெக்டின் கம்பைலர் நிலை, புராஜெக்ட் ஃபேசட் (புராஜெக்ட் எந்த ஜாவாவுக்கானது என்ற குறிப்பு), சர்வர் ரன்டைம். "கம்பைலர் நிலையும் ஃபேசட் பதிப்பும் பொருந்தவில்லை" என்ற செய்தி வந்தால் மூன்றாவதும் நான்காவதும் சண்டை போடுகின்றன. "ஜாவா ஃபேசட் 17க்கு ஆதரவு இல்லை" என்று சொல்லிப் புராஜெக்டைச் சர்வரில் சேர்க்க மறுத்தால் நான்காவதும் ஐந்தாவதும். சர்வர் ரன்டைம் அமைப்பில் அந்த டாம்கேட்டுக்கு எந்த ஜேஆர்இ கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வாடிக்கையாளர் சர்வரில் எது ஓடுகிறதோ அதே பதிப்பை அங்கே கொடுத்துவிட்டால், அங்கே வர வேண்டிய பிழை உங்கள் மேசையிலேயே வந்துவிடும். இந்த ஒரு மாற்றம் தரும் பலனுக்கு ஈடான வேறொன்றை இந்தப் பட்டியலில் நான் காணவில்லை. ஐஎன்ஐ கோப்பில் "-விஎம்" எழுதுவதாக இருந்தால் அதை ஒரு வரியிலும் பாதையை அடுத்த வரியிலும் எழுதுங்கள். இரண்டும் "-விஎம்ஆர்க்ஸ்" வரிக்கு மேலே இருக்க வேண்டும்.

இன்னொரு ஐடிஇயான இன்டெலிஜே தன்னை ஓட்ட ஒரு ஜாவாவைத் தன்னோடே கொண்டுவருகிறது, அதை மறந்துவிடலாம். புராஜெக்ட் எஸ்டிகே, மாட்யூலின் மொழி நிலை, மேவன் ரன்னரின் ஜேஆர்இ அல்லது கிரேடில் ஜேவிஎம் ஆகியவற்றை மட்டும் பாருங்கள். மொழி நிலையைக் கையால் மாற்றினால், அடுத்த முறை மேவன் புராஜெக்டை மீண்டும் ஏற்றும்போது பாம் எனப்படும் மேவன் அமைப்புக் கோப்பில் உள்ளதற்கே திரும்பிவிடும். மாற்ற வேண்டிய இடம் பாம் கோப்பு.

படி 5: குறிவைக்கும் பதிப்பைச் சரியான முறையில் தாழ்த்துங்கள்

சர்வரில் 8 இருக்கிறது, உங்களிடம் 17 இருக்கிறது. சர்வரைத் தொட முடியாது. பழைய வழக்கம், கம்பைலருக்குச் "சோர்ஸ்", "டார்கெட்" இரண்டையும் 8 என்று கொடுப்பது. இது பாதிக் கிணறு தாண்டுவது.

ஏன் என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். பைட் பஃபர் என்ற க்ளாஸில் "ஃபிளிப்" என்றொரு மெத்தட் உண்டு. ஜாவா 8 வரை அது தாய் க்ளாஸான பஃபரில் மட்டும் இருந்தது. திருப்பித் தருவதும் பஃபர்தான். ஜாவா 9இல் பைட் பஃபரே தனக்கென்று ஒரு ஃபிளிப் வைத்துக்கொண்டது. அது பைட் பஃபரைத் திருப்பித் தருகிறது. நீங்கள் 17இல் உட்கார்ந்து டார்கெட் 8 என்று கம்பைல் செய்தால், க்ளாஸ் கோப்பின் தலையில் 52 என்று சரியாகக் குத்தப்படுகிறது. ஆனால் உள்ளே "பைட் பஃபரைத் திருப்பித் தரும் ஃபிளிப்" என்றே பதிவாகிறது. காரணம், கம்பைலர் பார்த்தது 17இன் நூலகத்தை. சர்வரில் ஜேவிஎம் கோப்பை மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும், முகப்புத் திரை வரும், எல்லாம் நலம்போல் தெரியும். என்றைக்கோ யாரோ கோப்பு ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தும்போது "நோ சச் மெத்தட் எரர்" என்று விழும். முதல் நிமிடத்திலேயே விழும் பிழையைவிட இது மோசம்.

ஜேடிகே 9இல் வந்த "ரிலீஸ்" என்ற கம்பைலர் விருப்பம் இதற்குத்தான். ரிலீஸ் 8 என்று கொடுத்தால், மொழி விதி, க்ளாஸ் எண், நூலகம் மூன்றையும் 8 என்றே வைத்துக் கம்பைலர் சோதிக்கும். 9இல் வந்த மெத்தடை நீங்கள் அழைத்திருந்தால் அங்கேயே பிழை காட்டும். மேவனில் பாம் கோப்பின் பிராப்பர்ட்டீஸ் பகுதியில் "மேவன் டாட் கம்பைலர் டாட் ரிலீஸ்" என்ற ஒரே வரி. சோர்ஸ், டார்கெட் வரிகள் இருந்தால் நீக்கிவிடுங்கள். கிரேடிலில் கம்பைல் ஜாவா பணியின் ஆப்ஷன்ஸ் பகுதியில் ரிலீஸ். எக்லிப்ஸ் தன் சொந்தக் கம்பைலரைப் பயன்படுத்தினாலும், கம்பைலர் அமைப்புப் பக்கத்தில் ரிலீஸ் விருப்பத்துக்கு ஒரு டிக் பெட்டி உண்டு.

இரண்டு எல்லைகள். ஜேடிகே 8இன் கம்பைலருக்கு ரிலீஸ் என்றால் என்னவென்றே தெரியாது, எனவே பில்டு ஓடும் ஜேடிகே 9 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். மேல் பக்கத்திலும் எல்லை உண்டு: ஜேடிகே 20இலிருந்து 7ஐக் குறிவைக்கவே முடியாது, 21இல் 8 வேலை செய்கிறது, ஆனால் காலாவதியாகிறது என்று எச்சரிக்கிறது. வாடிக்கையாளர் இன்னும் 7இல் இருந்தால் அவருக்கென்று ஒரு ஜேடிகே 17ஐ ஒதுக்கி வையுங்கள். மேவனின் டூல்செயின், கிரேடில் 6.7இலிருந்து வரும் டூல்செயின் இரண்டும் இதற்கு ஏற்றவை: கருவி ஒரு ஜாவாவில் ஓட, கம்பைல் வேறொன்றில் நடக்கும்.

படி 6: நூலகங்களைச் சலித்தெடுங்கள்

உங்கள் க்ளாஸ்கள் எல்லாம் 52 ஆனபிறகும் அதே பிழை வந்தால், வார் கோப்புக்குள் (சர்வரில் போடும் நிரல் தொகுப்பு) லிப் கோப்புறையில் யாரோ ஒளிந்திருக்கிறார். பிழையில் உள்ள க்ளாஸ் பெயரை வைத்து எந்த ஜார் (நூலகக் கோப்பு) என்று தேடுங்கள். வழக்கமானவர்கள்: ஹிகாரிசிபி 5 ஜாவா 11 கேட்கும், 8க்கு 4ஆம் வரிசை, லாக்பேக் 1.4 ஜாவா 11 கேட்கும், 8க்கு 1.3, ஹைபர்னேட் 6 ஜாவா 11, ஸ்ப்ரிங் பூட் 3 ஜாவா 17க்குக் கீழே இறங்கவே இறங்காது. ஜார் கோப்புக்குள் மெட்டா இன்ஃப், அதற்குள் வெர்ஷன்ஸ் என்ற கோப்புறையில் 53, 55 எண்ணுள்ள க்ளாஸ்களைக் கண்டு பதற வேண்டாம். அவை புதிய ஜாவாவுக்காக வைக்கப்பட்ட மாற்றுப் பிரதிகள். ஜாவா 8 அவற்றைத் திரும்பியும் பார்க்காது.

படி 7: டாம்கேட்டின் பதிப்பும் ஒரு தரப்பு

டாம்கேட் 9க்கு ஜாவா 8 போதும். 10.1க்கு 11 வேண்டும். 11ஆம் டாம்கேட்டுக்கு 17. பெயரில் 11 இருப்பதால் ஜாவா 11 போதும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம் 9க்கும் 10க்கும் நடுவில் இருக்கிறது. 10இலிருந்து செர்வ்லெட் (உலாவியின் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) பேக்கேஜ் பெயர்கள் "ஜாவாக்ஸ்" என்பதிலிருந்து "ஜகார்த்தா" என்று மாறிவிட்டன. பழைய பெயரில் எழுதிய வார் கோப்பை டாம்கேட் 10இல் போட்டால் பெரும்பாலும் ஒரு பிழையும் வராது. ஏற்றியாயிற்று என்று லாக் சொல்லும். உலாவியில் 404 (பக்கம் கிடைக்கவில்லை) வரும். உங்கள் செர்வ்லெட்டுகள் மேலே உள்ள குறிப்புகளை டாம்கேட் தேடுவதே புதிய பெயரில்தான் என்பதால், அதன் கண்ணுக்கு உங்கள் நிரலில் எதுவுமே இல்லை. சிவப்பு எழுத்தே இல்லாத லாக்கும் 404ம் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும்.

நிரலை மாற்ற நேரமில்லை என்றால், டாம்கேட் 10இல் "வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ" என்றொரு கோப்புறையை உருவாக்கி அதில் வார் கோப்பைப் போடுங்கள். அதுவே பெயர்களை மாற்றி வெப்ஆப்ஸில் வைத்துக்கொள்ளும். ஒப்பேற்றும் வழிதான், ஆனால் பல நிரல்களுக்கு ஒப்பேறிவிடுகிறது.

படி 8: சர்வரைத்தான் உயர்த்த வேண்டும் என்றால்

சில நேரம் வேறு வழியில்லை. 8இலிருந்து 17க்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இடங்களில் அடி விழும்.

முதலில், சர்வர் எழாது. தொடக்க விருப்பங்களில் யாரோ எப்போதோ எழுதி வைத்த "மேக்ஸ் பெர்ம் சைஸ்" இருக்கும். 8இல் அதை எச்சரித்துவிட்டு ஒதுக்கியது ஜேவிஎம். 17இல் தெரியாத விருப்பம் என்று சொல்லி நின்றுவிடும். ஜாவா 14இல் நீக்கப்பட்ட சிஎம்எஸ் குப்பை சேகரிப்பானின் விருப்பமும் அப்படியே. இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, ஜாக்ஸ்பி க்ளாஸ்களைக் காணவில்லை என்ற பிழை. எக்ஸ்எம்எல் வேலைக்கான அந்தத் தொகுப்பு ஜாவா 11இல் ஜேடிகேயிலிருந்து வெளியேற்றப்பட்டது. தனி நூலகமாக லிப் கோப்புறையில் சேர்த்தால் தீர்ந்தது. மூன்றாவது, ஜாவாவின் உள்ளறைகளுக்குள் கைவிடும் பழைய நூலகங்களுக்கு 16இலிருந்து கதவு இயல்பாகவே பூட்டப்பட்டுவிட்டது. "ஆட் ஓப்பன்ஸ்" விருப்பம் கொடுத்துக் குறிப்பிட்ட கதவைத் திறக்கலாம்; நூலகத்தைப் புதுப்பிப்பது அதைவிட நல்லது.

இதையெல்லாம் தாண்டி ஒன்று இருக்கிறது. தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வலிக்கும் விஷயம். ஜாவா 18இலிருந்து எழுத்துக் குறியாக்கத்தின் இயல்பு எல்லா இடத்திலும் யுடிஎஃப்-8. அதற்கு முன் இயங்குதளம் என்ன சொல்கிறதோ அது. நம் ஊர் விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலும் 1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம். நீங்கள் 21இல் எழுதிச் சோதித்து, ரிலீஸ் 17 என்று சரியாகக் கம்பைல் செய்து, 17 ஓடும் விண்டோஸ் சர்வரில் போடுகிறீர்கள். பதிப்பு முரண் எதுவும் இல்லை, பிழையும் இல்லை. மரவள்ளிக் கிழங்கு லோடு வந்து இறங்குகிறது. எடை, பாயிண்ட் (மாவுச்சத்தின் அளவு), தொகை எல்லாம் ரசீதுக் கோப்பில் சரியாக விழுகின்றன. ஊர் என்ற இடத்தில் ஆத்தூர் இருக்க வேண்டிய வரியில் "???????" என்று ஏழு கேள்விக்குறிகள். கண்ணுக்கு நான்கு எழுத்து. ஆனால் யுனிகோடில் ஆ, த, புள்ளி, த, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஏழு. 1252இல் அவற்றில் ஒன்றுக்கும் இடமில்லை, எனவே ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி. எழுதும்போது இப்படி. படிக்கும்போது நடந்தால் வேறு கோலம்: தலையில் சாய்கோடு போட்ட ஐரோப்பிய எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வரும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். இரண்டாவதில் மூலத் தரவு பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது, தவறாகப் படிக்கப்படுகிறது. முதலாவதில் தரவு போயே போய்விட்டது. கேள்விக்குறியிலிருந்து ஆத்தூரை மீட்க முடியாது. அதனால் கோப்பைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் குறியாக்கத்தை வெளிப்படையாக எழுதுங்கள். ஃபைல் ரைட்டருக்குக் குறியாக்கம் கொடுக்கும் வசதி ஜாவா 11இல்தான் வந்தது. 8இல் அவுட்புட் ஸ்ட்ரீம் ரைட்டர் வழியாகப் போக வேண்டும். உடனடி முதலுதவியாக, சர்வரின் தொடக்க விருப்பங்களில் "ஃபைல் டாட் என்கோடிங்" மதிப்பை யுடிஎஃப்-8 என்று கொடுக்கலாம். சோதிக்க விரும்பினால், உங்கள் 21இல் அதே விருப்பத்துக்கு "காம்பேட்" என்று கொடுத்து, விண்டோஸ் லேப்டாப்பில் ஓட்டிப் பாருங்கள். பழைய நடத்தை அப்படியே வரும்.

படி 9: மீண்டும் நேராமல் பூட்டு போடுங்கள்

மேவனின் என்ஃபோர்சர் பிளகினில் ஜாவா பதிப்பு விதியை எழுதினால், தவறான ஜேடிகேயுடன் யாராவது பில்டு செய்யும்போது அங்கேயே நிற்கும். அதன் கூடுதல் விதிகளில் பைட்கோடு பதிப்பைச் சோதிக்கும் ஒன்றும் உண்டு. படி 6இல் ஒளிந்திருந்தவரை அது முன்கூட்டியே பிடித்துவிடும். நிரல் தொடங்கும்போது ஜாவா பதிப்பு, ஜாவா ஹோம், இயல்புக் குறியாக்கம் ஆகியவற்றை உங்கள் சொந்த லாக்கில் ஒரு வரியாக எழுத வையுங்கள். பதிப்பு எண்ணைப் பிரித்துப் படிக்கும் ஸ்கிரிப்ட் எழுதுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: 8 தன்னை 1.8 என்று சொல்லிக்கொள்ளும், 11 தன்னை 11 என்றே சொல்லும். முதல் எண்ணை மட்டும் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஜாவா 8ஐ ஜாவா 1 என்று எண்ணிக்கொள்ளும்.

படி 10: மாற்றும் நாள்

புதிய ஜேடிகேயை நிறுவி வடிவில் கொண்டு போகாமல் ஜிப் வடிவில் கொண்டு போங்கள். டெமுரின், கொரெட்டோ என்ற ஜேடிகே வெளியீடுகள் இரண்டும் அப்படிக் கிடைக்கின்றன. ஜிப்பைத் தனிக் கோப்புறையில் விரித்தால் பாத்தையோ வேறு யாருடைய மென்பொருளையோ அது தொடாது. உங்கள் டாம்கேட்டுக்கு மட்டும் பாதையை மாற்றிக்கொள்ளலாம். மலைமேல் போகிறீர்கள் என்றால் ஜேடிகே, டாம்கேட், வார் கோப்பின் பழைய பிரதி, புதிய பிரதி எல்லாம் பென் டிரைவில் இருக்கட்டும். எஸ்டேட் பங்களாவில் உட்கார்ந்து இருநூறு எம்பி இறக்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் ஏற வேண்டாம். மழைக்காலத்தில் மின்சாரமும் சேர்ந்தே போகும்.

டாம்கேட்டை நிறுத்தியதும், வெப்ஆப்ஸில் விரிந்து கிடக்கும் பழைய கோப்புறையையும், ஒர்க் கோப்புறையில் கம்பைல் ஆகிக் கிடக்கும் ஜேஎஸ்பி பக்கங்களையும் அழித்துவிட்டுப் புதிய வார் கோப்பைப் போடுங்கள். பிறகு பாதையை மாற்றி, தொடங்கி, லாக்கில் ஜேவிஎம் வெர்ஷன் வரியைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு தமிழ் ரசீது அடித்துப் பாருங்கள். பழைய ஜாவா கோப்புறையை அன்றே அழிக்க வேண்டாம். மாதக் கடைசிக் கணக்கும் ஜிஎஸ்டி அறிக்கையும் புதியதில் ஒருமுறை ஓடி முடிந்தபின் எடுத்துக்கொள்ளலாம்.